இடைவேளைக்காரி

"நான் மேடை ஏறினா மட்டும் எல்லாரும் காப்பி குடிக்க எழுந்து போயிடறாங்க."

இதைச் சொல்லாமல் அவள் ஒரு நாளையும் முடித்ததில்லை. காய் நறுக்கும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள், கச்சேரியே இல்லாத நாளிலும் சொல்வாள். கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "போகட்டும் விடு, காப்பிக்காரனும் பிழைக்கணும்ல" என்பார். பதினெட்டு வருஷமாக அதே புகார், அதே பதில்.

புகாரில் பொய் இல்லை. அவள் வேலை ஹார்ப்சிகார்டுக்குச் சுருதி சேர்ப்பது. பியானோ வருவதற்கு முன்னால் இருந்த கருவி அது. பார்க்கப் பியானோவின் இளைத்துப்போன அக்கா மாதிரி இருக்கும். பியானோ தந்தியைச் சுத்தியலால் அடிக்கும், இது சின்னச் சிறகுத்தண்டால் சுண்டும். அறுபத்தொரு கட்டை, கட்டைக்கு இரண்டு தந்தி. விளக்குச் சூடு பட்டால் சுருதி ஒரு பக்கம் போகும், ஜன்னலைத் திறந்தால் இன்னொரு பக்கம் போகும், யாராவது பக்கத்தில் ஈரக்குடையைச் சாய்த்து வைத்தால்கூடக் கோபித்துக்கொள்ளும். அதனால் கச்சேரிக்கு முன்னால் ஒருமுறை சேர்த்தது போதாமல், இடைவேளையிலும் சேர்க்க வேண்டும். முதல் பாதிக்குக் கைதட்டி முடித்து ஜனங்கள் எழுந்து நடக்க, இவள் கையில் முறுக்குச் சாவியோடு மேடைக்கு வருவாள். குழுவில் அவளுக்கு இடைவேளைக்காரி என்று பேர். அன்பாகத்தான் வைத்தார்கள். அவளுக்குத்தான் அது முள்.

குழுவில் பதினோரு பேர். பழைய காலத்து இசையைப் பழைய காலத்துக் கருவிகளிலேயே வாசிப்பவர்கள். வயலினுக்குக் குடல் தந்தி, சுருதி இன்றைய அளவைவிட அரை ஸ்வரம் கீழே. பேர்போன இசையமைப்பாளர்களையெல்லாம் மற்றவர்கள் வாசித்துத் தீர்த்துவிட்டார்கள் என்று, யாரும் கேள்விப்படாத ஆளாகத் தேடிப் பிடித்து இசைத்தட்டு போடுவார்கள்.

ஹார்ப்சிகார்டின் முன்னால் உட்கார்ந்து வாசிப்பவள் இளையவள். இவளுடைய ஓரகத்தி, கணவரின் தம்பி மனைவி. எரிச்சலின் அடுப்பு அங்கேதான் மூட்டப்பட்டது.

அதுவும் கல்யாணத்துக்குப் பிறகு வந்த எரிச்சல் கிடையாது. இருவரும் ஒரே ஆசிரியையிடம் படித்தவர்கள். ஹார்ப்சிகார்டுக்குக் குழுவில் ஒரே ஓர் இடம் காலியானபோது இருவரும் போய் வாசித்தார்கள். இளையவளுக்குக் கிடைத்தது. மூத்தவளுக்குக் காது கூர்மை, கை மந்தம். இதை அவளே சொல்வாள், வேறு யாரும் சொல்லக் கூடாது. "சுருதி சேர்க்கிறதுக்கு வேணா வாங்களேன்" என்று கூப்பிட்டார்கள், போனாள். சரி, வேலை இடத்தோடு போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்ட இரண்டாம் வருஷம், கணவரின் தம்பி ஒரு பெண்ணை விரும்புகிறேன் என்று வீட்டுக்கு அழைத்து வந்தான். கதவைத் திறந்தவள் இவள். வெளியே நின்றவள் அவள்.

அன்றிலிருந்து கீழ்வீட்டில் மூத்தவள், மாடியில் இளையவள். காலையில் கீழே குழாய்த் தண்ணீர் விழும், மேலே அவள் விரல் ஓடும். மூத்தவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கூரையைப் பார்த்து, "நாலாவது விரல் இன்னும் தூக்கத்துல இருக்கு" என்பாள். காய்கறிக் கடைக்காரர் ஒருநாள், "ரேடியோல வாசிக்கிறவங்க உங்க வீடுதானாமே" என்று சொல்லி, பொறுக்கி எடுத்து நல்ல காலிஃபிளவர் ஒன்றைக் கொடுத்தார். அதை அவள் சமைக்கவே இல்லை. கண்ணெதிரே வாடவிட்டுத் தூக்கிப் போட்டாள்.

குழு இதுவரை ஏழு இசைத்தட்டு போட்டிருக்கிறது. ஏழும் அவள் அலமாரியில் இருக்கின்றன. வந்த அன்றைக்கே பின்னட்டையைத் திருப்பிப் பார்ப்பாள். தன் பேர் இல்லை என்றதும் உள்ளே தள்ளி வைப்பாள். பின்னட்டையில் ஒரு வரி, அவ்வளவுதான் அவள் கேட்டது. வாய்விட்டுக் கேட்கவும் மாட்டாள். அவர்களுக்கே தோன்ற வேண்டுமாம்.

எட்டாவது தட்டு வாத்தியாருடையது. ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் வேறு எதையோ தேடிப்போனவர் கையில் சிக்கிய தாள்கள். எழுதியவர் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. அதனால் குழுவில் அவர் வாத்தியார் ஆனார்.

பதிவு நாலு நாள், ஒரு பழைய கல் மண்டபத்தில். சத்தம் போடும் என்று சூடேற்றும் இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். எல்லாரும் இரண்டு ஸ்வெட்டர் போட்டு வாசித்தார்கள். மூத்தவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு ஒரு மூலையில் முக்காலியில் இருப்பாள். சிவப்பு விளக்கு எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம், மூச்சுகூட மெதுவாக. அணைந்தால் எழுந்து போய் இறங்கிய தந்தியை ஏற்றிவிட்டு வர வேண்டும்.

மூன்றாம் நாள் வாத்தியாரின் மெதுவான பாட்டு. காலை முழுக்க அது ஒழுங்காக வரவில்லை. நடுவில் ஓர் இடத்தில் எல்லாரும் நிறுத்திவிட, ஹார்ப்சிகார்ட் மட்டும் நாலு கட்டையைச் சேர்த்து அழுத்தி எட்டு எண்ணிக்கை பிடித்திருக்க வேண்டும். தாளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மீட்டிய ஒலி மூன்றாவது எண்ணிக்கையிலேயே தேய்ந்துபோய், மீதி ஐந்துக்கு எல்லாரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குக் கொட்டாவி வருது. இதனாலதான் மனுஷன் பேரு வெளிய வரல போல" என்றார் வயலின் தலைவர்.

மதியம் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே ஒலிப்பதிவுக்காரர் பின்னட்டைக்கான பட்டியலை வாசித்தார், எழுத்துப் பிழை பார்க்க. வாசிப்பவர்கள் பதினோரு பேர், தாளைக் கண்டெடுத்தவர், மண்டபம் கொடுத்தவர், படம் எடுத்தவர், நாலு நாளும் காப்பி போட்டுக் கொடுத்த பக்கத்துக் கடைக்காரர். முடித்துவிட்டார்.

"யாராவது விட்டுப்போச்சா?"

இளையவள் மூத்தவளைப் பார்த்தாள். வாய் திறக்கப் போகிறாள் என்றே மூத்தவள் நினைத்தாள். அதற்குள் வயலின் தலைவர் முந்திக்கொண்டார். "இடைவேளைக்காரம்மா பேரு? அட, அவங்க நம்ம வீட்டு ஆளு. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க."

இளையவள் ரொட்டியைக் கடித்தாள்.

காப்பிக்காரருக்கு உண்டு, தனக்கு இல்லை. அவள் எழுந்து கருவியிடம் போனாள்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய முறைச் சுருதியில் எல்லா இடத்தையும் இனிமையாக வைக்க முடியாது. பதினோரு இடத்தைத் தேனாக வைத்தால், கசப்பெல்லாம் திரண்டு பன்னிரண்டாவது இடத்தில் போய் நிற்கும். வீட்டைப் பெருக்கிக் குப்பையை ஒரு மூலையில் தள்ளுகிற மாதிரிதான். அந்த மூலைக்குத் தொழிலில் ஓநாய் என்று பேர், ஊளையிடுவதால். எந்த மூலையில் தள்ளுவது என்பது சுருதி சேர்ப்பவள் கையில் இருக்கிறது. அன்றைய பாட்டில் விரல் போகாத இடமாகப் பார்த்து ஒளித்துவைத்தால் கெட்டிக்காரி.

பதினெட்டு வருஷம் கெட்டிக்காரியாக இருந்தவள், அன்றைக்கு ஒரு கறுப்புக் கட்டையை மாற்றினாள். கீழிருந்து மேல்வரை அந்த ஸ்வரம் ஐந்து இடத்தில் வரும், மொத்தம் பத்துத் தந்தி. பாட்டில் அந்த எட்டு எண்ணிக்கைப் பிடியைத் தவிர வேறெங்கும் அதைத் தொட வேண்டியதில்லை. ஓநாயைக் கொண்டுபோய் நேராக அங்கே கட்டிவிட்டு, முக்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாத்தியார் மெல்ல நடந்து வந்தார். எல்லாரும் நிறுத்தினார்கள். இளையவள் நாலு கட்டையை அழுத்தினாள்.

ஊளை என்றால் ஊளை. வயலின் தலைவரின் வில் காற்றில் நின்றது. இளையவளின் தோள் ஒருமுறை குலுங்கியது. கையை எடுப்பாள், விளக்கை அணைக்கச் சொல்வாள், எல்லார் எதிரிலும் முகம் சிவப்பாள் என்று மூத்தவள் காத்திருந்தாள். அவள் எடுக்கவில்லை. தலையைத் திருப்பி மூலையில் இருந்தவளை நேராகப் பார்த்துக்கொண்டே பிடித்திருந்தாள். இனிமையாக இருந்தபோது மூன்று எண்ணிக்கையில் செத்துப்போன ஒலி, கசந்ததும் துடித்துத் துடித்து எட்டு எண்ணிக்கையும் உயிரோடு இருந்தது. பிறகு விரலை நகர்த்தி அடுத்த ஒலிக்குப் போனாள். வெயிலில் நடந்து வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்ததுபோல் இருந்தது.

பாட்டு முடிந்து விளக்கு அணைந்தது. ஒலிபெருக்கியில் ஒலிப்பதிவுக்காரரின் குரல் வந்தது. "என்ன பண்ணீங்கன்னு எனக்குத் தெரியாது. அதையே இன்னொரு தடவை பண்ணுங்க."

தட்டு வெளியானது. ஏழு தட்டுக்கும் வராத பேச்சு இதற்கு வந்தது. பத்திரிகையில் அந்த எட்டு எண்ணிக்கையைப் பற்றியே அரைப் பக்கம் எழுதினார்கள். வாத்தியாரின் துக்கத்தை இளையவள் கண்டுகொண்டாளாம், அவள் துணிச்சலுக்கு ஈடில்லையாம். மூத்தவள் அந்தத் தாளை அலமாரித் தட்டில் விரித்து அதன் மேல் எண்ணெய்ப் பாட்டிலை வைத்தாள்.

"நான்தான் பண்ணேன்னு சொல்லிடேன்" என்றார் கணவர்.

"சொன்னா, ஏன் பண்ணேன்னு கேப்பாங்க."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். "ஆமா, அது சிக்கல்தான்."

காலிஃபிளவர் கொடுத்தவர் இப்போது இளையவளுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னார். இவள் தலையாட்டினாள், சொல்லவில்லை. தன் கையாலேயே அவளைத் தூக்கி உச்சாணியில் உட்கார வைத்த வேதனை, சோற்றில் கல் மாதிரி நாள் தவறாமல் பல்லில் பட்டது.

ஒரு மாலை இளையவள் ரேடியோவில் பேசினாள். கீழ்வீட்டில் மூத்தவள் வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்டாள். அந்தச் சுருதி யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

"அது என் யோசனை இல்ல. எங்க அக்கா வச்ச சுருதி அது. ஏன் வச்சாங்கன்னு அவங்களைத்தான் கேக்கணும்."

வெங்காயம் கருகிவிட்டது.

மறுநாள் காலையில் இளையவள் படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றாள். "அடுத்த வாரம் ரேடியோவுக்கு உங்களைக் கூப்பிடறாங்க அக்கா."

"என்னை எதுக்கு இழுத்து விட்ட?"

"பின்ன, நீங்க பண்ணதுக்கு எத்தனை நாள் நான் பாராட்டு வாங்கறது? ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியுது."

"உனக்கா? உனக்கு என்ன எரிச்சல்?"

"வாத்தியார் ஏன் எட்டு எண்ணிக்கை எழுதினாருன்னு மூணு மாசம் மண்டைய உடைச்சுக்கிட்டேன். அவர் காலத்துல அந்தக் கட்டை அப்படி ஊளையிட்டிருக்கணும், அதான் எட்டு. எனக்குத் தோணல. நீங்க கோவத்துல கால் மணி நேரத்துல வச்சுட்டுப் போறீங்க. எரியாதா?"

மூத்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "கோவம்னு தெரியுமா?"

"பட்டியல் வாசிச்சப்ப உங்க முகத்தைப் பாத்தேன்ல. நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. உங்க காதுக்கு முன்னாடி எனக்கு எப்பவுமே ஒரு இது உண்டுக்கா. பேரையும் குடுத்துட்டா எனக்குன்னு என்ன மிச்சம்னு தோணிச்சு. தப்புதான்."

தன்னைப் பார்த்து ஒருத்திக்கு எரிகிறது. பதினெட்டு வருஷத்தில் இந்தச் சுகம் அவள் அறியாதது. மன்னித்தாளா என்று கேட்டால், அது வேறு கணக்கு. ஆனால் அன்றைக்கு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

ரேடியோவில் அவளிடமும் அதே கேள்வி. அவள் பொய் சொல்லவில்லை. "வயித்தெரிச்சல்தான். என் பேர் போடல, ஓநாயை அவுத்து விட்டேன்." கேட்டவர் விழுந்து விழுந்து சிரித்தார், நல்ல நகைச்சுவை என்று. மாடியில் கேட்டுக்கொண்டிருந்தவள் மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டாம் பதிப்பின் பின்னட்டையில் அவள் பேர் வந்தது, கடைசி வரியாக, காப்பிக் கடைக்காரருக்குக் கீழே. "காப்பிக்குக் கீழதான் நான்" என்று புகார் புதிதாக ஒரு கிளை விட்டிருக்கிறது. கணவர் அதற்கும் ஒரு பதில் தயார் செய்துகொண்டிருக்கிறார்.

குழு இப்போது ஊர் ஊராகப் போய் வாத்தியாரை வாசிக்கிறது. உங்கள் பக்கம் வந்தால் போய்ப் பாருங்கள். முதல் பாதிக்கு நேரமாகிவிட்டாலும் பரவாயில்லை, இடைவேளைக்குள் போய்விடுங்கள். எல்லாரும் எழுவார்கள், நீங்கள் எழாதீர்கள். காலுறையோடு ஓர் அம்மாள் வந்து, யாரையும் பார்க்காமல், தந்தி தந்தியாகக் காது கொடுத்து முறுக்குவாள். பாதியில் ஒருத்தி காப்பி கொண்டுவந்து, கருவியின் மேல் வைக்காமல் கீழே தரையில் வைத்துவிட்டுப் போவாள். முடித்துவிட்டு அந்த அம்மாள் நிமிரும்போது, எதிரில் நாலு பேராவது உட்கார்ந்திருங்கள்.