தங்கப்பொண்ணு அத்தை கேட்ட ஜன்னல் சீட்டு

"அங்க உங்க அத்தைக்கு என்ன வேலை?" என்று பழங்காநத்தத்தில் ஒரு டிராவல்ஸ்காரர் என்னிடம் கேட்டார்.

அத்தை தங்கப்பொண்ணு கப்பலூரில் ரப்பர் வாஷர் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறாள். மாமா இறந்து பத்து வருடம் ஆகிறது. இலங்கையில் கண்டியிலிருந்து பதுளைக்கு மலையேறிப் போகும் ரயிலை ஒருநாள் போனில் பார்த்தாள். அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். மே மாதம் மெஷின் பராமரிப்புக்காகக் கம்பெனியை ஐந்து நாள் மூடுவார்கள். சேர்ந்தாற்போல லீவு கிடைப்பது அப்போதுதான். அந்த ரயிலுக்கு முப்பது நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும், உடனே தீர்ந்தும் விடும். அதனால் முன்பதிவு திறக்க ஒரு வாரம் முன்னதாகவே, பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு அந்த டிராவல்ஸுக்குப் போனாள்.

"வேலைக்கா போறீக?" என்றார் அவர்.

"இல்லண்ணே, சுத்திப் பாக்க."

"கூட யாரு வாரா?"

"நான் மட்டுந்தேன்."

அவர் சிரித்தார். என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு, "தனியாப் போற பொம்பளைக்கு வீட்டு ஆம்பள லெட்டர் வேணும். அட்டெஸ்டேஷனோட வாங்க, பாப்போம்" என்றார்.

அத்தை நம்பினாள். எந்த ஆபீசுக்குப் போனாலும் லெட்டரும் ஜெராக்ஸும் கொடுத்தே பழகியவர்கள் நாங்கள். "ஒன்னைய போகச் சொல்ல நான் யாரு, அக்கா?" என்று கூசிக்கொண்டே அப்பா லெட்டரை எழுதினார். அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். ரேஷன் கார்டு, ஆதார், மாமாவின் இறப்புச் சான்றிதழ் என எல்லா நகலிலும் பச்சை மையில் கையெழுத்து வாங்க, இரண்டு அரைநாள் லீவு போட்டு, அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றாள்.

எட்டாம் நாள் அந்தக் கட்டைக் கொடுத்தபோது டிராவல்ஸ்காரர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க கேட்ட தேதி காலையிலயே தீந்துபோச்சு. அங்க போயி ஜெனரல்ல ஏறிக்கங்க. ஒங்களுக்கெல்லாம் நின்னு பழக்கந்தானே."

காகிதங்களை அங்கேயே விட்டுவிட்டு அத்தை வெளியே வந்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோவில் வரும்போது, போனில் அந்த ரயில்வேயின் இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். பெயரும் பாஸ்போர்ட் எண்ணும்தான் கேட்டது. எந்த ஆம்பளையின் லெட்டரையும் கேட்கவில்லை. இதை முதல் நாளே பார்த்திருக்கலாமே என்று என் மேலேயே கோபம் வந்தது.

நல்லவேளை, அத்தை கேட்டிருந்தது லீவின் இரண்டாம் நாளுக்கு; மூன்றாம் நாள் ரயிலுக்கு மறுநாள் காலையில்தான் முன்பதிவு திறந்தது. திறந்த நிமிடமே அத்தையின் ஏ.டி.எம். கார்டில் போட்டேன். ஜன்னலோரம் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அத்தை தன் காகிதங்களைத் திருப்பி வாங்கப் போனாள். "வீட்டு வேலைக்குப் போறேன்னா மறு பேச்சில்லாம ஏத்தி விட்டுருப்பீக. வேடிக்கை பாக்கப் போறேன்னா ஒங்களுக்கு லெட்டர் வேணுமோ?" என்றாள். அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் தெருவிலும் தனியாக ஊர் சுற்ற நினைக்கிற ஒரு பெண் இருப்பாள். யாராவது அவளிடம் லெட்டர் கேட்பதற்கு முன்னால், அத்தைக்கு நடந்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். அவளையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.