பெட்டி மாறிய தெர்மோஸ்டாட்

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதத்தில் நடந்தது இது. இரணியல் ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. ஏசி, கீசர் பழுது பார்ப்பதுதான் குடும்பத் தொழில். கணவரும் கொழுந்தனாரும் வீடு வீடாகப் போவார்கள். போன் எடுப்பது, சாமான் வாங்கி வைப்பது, யார் எங்கே போகவேண்டும் என்று சொல்வது எல்லாம் என் வேலை.

அன்று காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். கீசரில் தண்ணீர் சூடாகவில்லை, வீட்டில் இருபது நாள் குழந்தை, கணவர் துபாயில் என்றார். வெளியே சாரல் வேறு. கொழுந்தனார் பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே, "மைனி, ஒரு தெர்மோஸ்டாட் எடுத்துத் தாருங்க" என்றார். தண்ணீர் போதுமான அளவு சூடானதும் கரண்டை நிறுத்துகிற சின்ன சாதனம் அது. அலமாரியில் கைக்கு எட்டிய பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அங்கே மாட்டிவிட்டு, அப்படியே ஆரல்வாய்மொழிக்குப் போவதாக ஏற்பாடு. அங்கே ஒரு லாட்ஜில் கணவர் ஏசி மாட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணி இருக்கும். மொத்த வியாபாரக் கடையிலிருந்து ஆள் வந்தார். முந்தின நாள் வேறொரு வீட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த கெட்டுப்போன தெர்மோஸ்டாட்டை அவரிடம் காட்டி மாற்றவேண்டும். பார்வைக்குப் புதிதுபோலவே இருந்த அதை நான்தான் ஒரு காலிப் பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்திருந்தேன். மேலே பேனாவால் எழுதவேண்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. எழுதவில்லை. பெட்டியைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுத் தெர்மோஸ்டாட் இருந்தது.

அப்படியானால் கெட்டது எங்கே போயிற்று என்று யோசிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

அந்தப் பழையது நிற்கவே நிற்காத ரகம். தண்ணீர் கொதித்தாலும் கரண்டைத் துண்டிக்காது. அதனால்தான் அதைக் கழற்றினார்கள்.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. ஆறு முறை கூப்பிட்டேன். பிறகு கணவரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"ஏட்டி, பதறாத. பிரஷர் ஏறினா வெளிய விடுத ஒரு வால்வு அதில உண்டு" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஆனா பழைய மெஷினாக்கும். கடல்காத்தில அந்த வால்வு துருப்பிடிச்சு இறுகியிருந்தா டேங்க் தாங்காது. நாங்க இங்கேருந்து வர ஒண்ணரை மணிக்கூர் ஆவும். நீ போ. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணு. கீசர்கிட்ட போவாத" என்றார்.

ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அந்தச் சாலையில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்று அது முடியவே இல்லை. கருங்கல் ஊருக்குள் ஒரு கல் லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. ஹாரன் அடித்தேன், இறங்கி ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளினேன், யாரோ திட்டினார்கள். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரம் எது என்று நான் கேட்டிருக்கவில்லை. வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

பாதி வழியில் கொழுந்தனார் கூப்பிட்டார். ஓரமாக நிறுத்தி எடுத்தேன். "மைனி, தப்பு எனக்கதாக்கும். தண்ணி சூடாவுதான்னு மட்டும் பாத்தேன். கட் ஆவுதான்னு நின்னு பாக்கல. ஞான் பாத்திருக்கணும்" என்றார். அழுகிற மாதிரி இருந்தது குரல்.

அந்த வீட்டின் கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. தட்டினேன், கத்தினேன். யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒருவர் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க ஆரு? என்னவாக்கும் வேணும்?"

"கீசர் வெடிச்சிரும் அண்ணே. கரண்டை நிறுத்தணும்."

அவர் அடுத்த கேள்வி கேட்கவில்லை. ஈரக் காலோடு மதிலேறிக் குதித்து, வராந்தாவில் இருந்த மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தம் நின்றது. குழந்தை வீறிட்டது.

தூக்கக் கலக்கத்தோடு அந்தப் பெண் வெளியே வந்து கேட்டைத் திறந்தார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவருடைய உம்மா, அதாவது அம்மா, மீன் வாங்கப் போயிருந்தாராம். கீசரைப் போட்டுவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, குழந்தையோடு கண்ணயர்ந்திருக்கிறார். குளியலறைக் கதவைத் தள்ளினோம். ஆவி முகத்தில் அடித்தது. கீசர் கொதிக்கும் பானை மாதிரி உறுமியது. வால்விலிருந்து வெந்நீர் சீறிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக வால்வு திறந்துகொண்டிருந்தது. அந்த நேரம் யாராவது குழாயைத் திறந்து பாத்திரத்தில் பிடித்திருந்தால்? கீழே குழந்தையின் சின்ன பிளாஸ்டிக் தொட்டி தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணை வெளியே இழுத்தேன்.

எல்லோரும் முற்றத்துக்கு வந்துவிட்டோம். அந்தப் பெண்ணுக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. "காலத்த வந்த அந்த ஆளு ஒழுங்கா வேலை செய்யல்ல இல்லியா? பச்சப்பிள்ள இருக்கிய வீடுன்னு சொன்னேனே" என்று கத்தினார். ஆட்டோக்காரரும் "அவனை இஞ்ச வரச் சொல்லுங்க" என்றார்.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தனார் ஏற்கெனவே பழியை ஏற்றுக்கொண்டுவிட்டாரே என்று மனசு ஒரு கணக்குப் போட்டது. கடைப் பெயர் கெட்டாலும் என் பெயர் கெடாது. அரை நிமிடம் இருக்கலாம். அந்தப் பெண்ணின் தோளில் குழந்தை விக்கிக்கொண்டிருந்தது.

"அவன் இல்ல. கெட்ட சாமானை எடுத்துக் குடுத்தது நான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். "எனக்குக் கையும் காலும் விறைக்கி. பிள்ளைய ஒண்ணு பிடிங்க" என்று குழந்தையை என்னிடம் நீட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதார். வேறு யாரும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதால் கொடுத்தாரா, தெரியாது. அந்தச் சூடான சின்ன உடம்பை மார்போடு அணைத்துக்கொண்டு, உம்மா மீன் பையோடு வரும்வரை நான் அசையாமல் நின்றேன்.

மதியம் கணவரும் கொழுந்தனாரும் வந்து தெர்மோஸ்டாட்டையும் வால்வையும் புதிதாக மாற்றினார்கள். கீசர் மூன்று முறை தானாக நிற்கும்வரை கொழுந்தனார் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. திரும்பும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, "ஞான் ஏத்துக்கிட்டேனே மைனி, பின்ன எதுக்குச் சொன்னிய?" என்று கேட்டார். நான் எழுந்து போய் மூன்று டீக்கும் காசு கொடுத்தேன்.

இப்போதெல்லாம் கழற்றிய பொருள் கடைக்குள் வந்தால் முதல் வேலையாக அதன்மேல் சிவப்பு நகச்சாயம் பூசுகிறேன். அந்தப் பெண் அதன்பிறகு எங்களைக் கூப்பிட்டதில்லை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குறுக்கே நின்ற லாரியையும் சீறிய வால்வையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சு படபடக்கும்தான், ஆனால் உண்மையைச் சொல்லாமல் நான் நின்ற அந்த அரை நிமிடத்தை நினைக்கும்போதுதான் எனக்கு என்மேலேயே அதிகமாகப் பயம் வருகிறது.