கோயில் முடக்கில் இறங்கி நடந்தவர்

கடந்த செவ்வாய்க்கிழமை காலை அப்பாவை மாத்தளை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியில் மாதாந்தக் கிளினிக். சீட் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடியே எனக்குக் கையசைத்தார்.

என் கார்? அது பலாபத்வலையில் ஒரு கராஜில் நிற்கிறது... என்ஜின் ஹெட் வெடித்துப்போய்.

எல்கடுவையில், தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன், இப்போது ஆசிரியர். கிட்டத்தட்ட என் வயதுள்ள ஒரு டீசல் காரை வாங்கியதே, அப்பாவைக் கிளினிக்குக் கூட்டிப்போகத்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் கோயில் முடக்கு என்று ஒரு வளைவு. செங்குத்து ஏற்றம். இரண்டு பேர் இருந்தாலே கார் முனகும். அப்பா கேட்காமலே கதவைத் திறந்துவிடுவார். “நீ ஏத்து தம்பி, நா பின்னாடி வாறேன்.” எங்கள் பக்கத்தில் லொறியோ வேனோ, ஏற்றம் வந்தால் ஆட்கள் இறங்கி நடப்பது வழக்கம்தானே? மேலே போய் நான் காத்திருப்பேன்.

அந்த முடக்கில் ஓட்டோ நிறுத்தும் செல்வம் ஒரு நாள் சொன்னான்: “மாஸ்டர் கார்ல போறாரு, பெத்தவரு கால்ல போறாரு. நல்ல படிப்புதான்.”

சிரித்து வைத்தேன். அந்த வார இறுதியிலேயே கராஜுக்குப் போய்விட்டேன்.

“என்ஜின் பவரக் கூட்டணும் நானா.”

கராஜ்காரர் முஸ்லிம்; அண்ணன் முறைக்கு ‘நானா’ என்றுதான் கூப்பிடுவோம். நானா போனட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். “பம்புல டீசலக் கூட்டி, டர்போவயும் கொஞ்சம் ஏத்திவிட்டா இழுக்கும் மாஸ்டர். ஆனா வயசான என்ஜின். சூட்டத் தாங்காது. மொதல்ல ரேடியேட்டர மாத்துவோம்.”

“அத பொறகு பாப்போம்.”

“அப்ப மீட்டர்ல அந்த சூட்டு முள்ளப் பாத்து ஓட்டுங்க. ஏறினா நிப்பாட்டிருங்க.”

அடுத்த கிளினிக் நாள். திரும்பி வரும்போது, வழக்கம்போல அப்பா கதவில் கை வைத்தார்.

“எறங்காதீங்கப்பா.”

அழுத்தினேன். கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு கார் பாய்ந்து ஏறியது. செல்வம் ஓட்டோவை விட்டு இறங்கி நின்று பார்த்தான். அடடா... அந்தச் சந்தோஷம் இருக்கிறதே!

“தம்பி, அந்த முள்ளு செவப்புக்குப் போயிருக்கே. அது சரியா?”

எழுத்து தெரியாத அப்பா பார்த்துவிட்டார். நானும்தான் பார்த்தேன். ஆனால் அங்கே நிறுத்தினால்? அப்பா இறங்குவார். செல்வம் பார்ப்பான்.

“அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா.”

வீட்டில் முதலில் படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு – கண்ணெதிரே தெரியும் தப்பைக்கூட அப்பா முன்னால் ஒப்புக்கொள்ள வராது.

உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. ஆவி கிளம்பியது. ஒரு சத்தம்... அவ்வளவுதான். வழக்கமாக ஒரு முடக்கு மட்டும் நடப்பவர், அன்று வீடுவரைக்கும் நடந்தார்.

கடந்த செவ்வாய் கிளினிக் முடிந்து பஸ்ஸில் களைத்து வந்தவரிடம் மெல்ல ஆரம்பித்தேன். “அந்த முடக்குல உங்கள நடக்க விடக்கூடாதுன்னுதான்ப்பா...”

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “எனக்கென்ன கஷ்டம்? அங்க எறங்கினாதான் நீ கார் ஓட்டிட்டுப் போறத முழுசாப் பாக்கலாம். உள்ள ஒக்காந்தா என்ன தெரியும்?”

அத்தனை நாளும் அந்த முடக்கில் நானும் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டுதான் போனேன் – வேறு யாராவது பார்க்கிறார்களா என்று.