அலுமினியத்தின் சத்தம்

புதுச்சத்திரத்தில் போசிப் பாத்திரங்களுக்கு மூடி செய்யும் என் பட்டறைக்கு, ஒட்டுப்போட்ட கிதாரோடு அவர் வந்தார். நரைத்த தாடி, செம்மண் படிந்த சட்டை. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறாராம். பேசுவதற்கு முன்பே ஒரு மூடியை எடுத்து, நகத்தால் தட்டிக் காதருகே பிடித்தார். கையில் எது கிடைத்தாலும் அப்படித்தான்.

அந்தக் கிதாரின் வயிற்றில் ஓர் உலோகக் கூம்பு இருக்குமாம். கம்பியின் அதிர்வைப் பெரிதாக்குவது அதுதான். கிதார் மகன் வாசித்தது; அவன் இறந்த விபத்தில் கூம்பு தொலைந்துவிட்டது. என்ன உலோகம் என்று அவருக்குத் தெரியவில்லை; சத்தம் மட்டும் நினைவிருந்தது.

பித்தளையில் ஒன்றும் மெல்லிய அலுமினியத்தில் ஒன்றும் லேத்தில் செய்து கொடுத்தேன். பித்தளை கனமல்லவா, சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி வந்தது. அலுமினியத்தை மாட்டிக் கம்பியை மீட்டியதும் பட்டறையே கணீரென்றது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"இதேதானுங்களா?"

"இதேதானுங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரோ அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பித்தளையை மாட்டச் சொன்னார்.

"ஏனுங்க, அதுல சத்தமே எழும்பலீங்களே?"

"கிதாரைச் சும்மா போட்டு வெக்க மனசு கேக்கலீங்க. ஆனா இந்தச் சத்தம் ஊட்ல கேட்டா, பையன் வந்துட்டான்னு அவங்கம்மா சோறு போட எந்திரிச்சிருவாளுங்க."

அலுமினியக் கூம்பு இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. ஒருமுறைகூட அதைத் தட்டிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.