பழைய டிடெக்டரில் தெரியாத நஞ்சு

தொண்ணூறுகளின் நடுவில் அடையாற்றில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். உணவுப் பொருளின் சாற்றை மெல்லிய குழாய் வழியே அழுத்தத்தில் செலுத்திப் பிரிப்போம். பிரிந்து வருவதைக் குழாயின் கடைசியில் உள்ள டிடெக்டர் கண்டுபிடிக்கும். பேனா அதைக் காகிதத்தில் மேடு மேடாக வரையும். கடலையில் பூஞ்சை நஞ்சு கொஞ்சமாக இருந்தால் பழைய டிடெக்டருக்குத் தெரியாது. புதிதாக வாங்கிய ஒளிர்வு டிடெக்டர் துளியையும் விடாது.

இந்த இரண்டையும் வைத்து நடந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

சிந்தாதிரிப்பேட்டையில் கடலை உருண்டை செய்யும் ஒரு அம்மா, தி.நகர் கடை ஒன்றுக்குச் சரக்குப் போட்டுவந்தார். அந்தக் கடைக்காரர் உருண்டையை எங்களிடம் அனுப்பினார். புது டிடெக்டரில் நஞ்சு தெரிந்தது. கடை அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டது. மறுநாளே அந்த அம்மா ஒரு பொட்டலம் கடலையும் ஒரு காகிதமுமாக வந்து நின்றார்.

“இன்னாம்மா இது? கடலை நல்லாகீதுன்னு எழுதிக் குட்த்ததும் நீங்கதான், உருண்டைல விஷம் கீதுன்றதும் நீங்கதான். வெல்லத்துல உருட்னா விஷம் வந்துடுமா?”

காகிதம், அவருக்குக் கடலை விற்ற மொத்த வியாபாரிக்கு நாங்கள் கொடுத்த சான்றிதழ். கீழே இருந்தது என் கையெழுத்து. மேலாளர் சொன்னபடி பழைய டிடெக்டரில் ஓட்டிப் போட்டது.

“கையெழுத்து என்னோடதுதாம்மா” என்றேன்.

“படிச்சவங்க போட்டதாச்சேன்னு நம்பித்தான் வாங்கினேன்” என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

மேலாளரிடம் போனேன். “அந்த வியாபாரி வருஷம் முழுக்க சாம்பிள் அனுப்பறவர். பழைய மெஷின் போதும். அதுல தெரியல, தெரியலன்னு எழுதினோம். இதுல என்ன பொய்?”

“தெரியாதுன்னு தெரிஞ்சே ஓட்டினோமே சார், அதுக்குப் பேர் என்ன?”

மேலாளரைக் கேட்காமலே அந்த அம்மாவின் கடலையையும், எங்களிடம் மீதியிருந்த வியாபாரியின் சாம்பிளையும் புது டிடெக்டரில் ஓட்டினேன். இரண்டிலும் அதே இடத்தில் மேடு எழும்பியது. பதிவேட்டில் எழுதி, அந்த அம்மாவின் கடலைக்கு வந்த வரைபடத்தை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அதைக் காட்டிச் சண்டை போட்டதும் வியாபாரி மூட்டையை மாற்றிக் கொடுத்தாராம். தி.நகர் கடை மட்டும் அந்த அம்மாவைத் திரும்பச் சேர்க்கவேயில்லை. என்னைச் சாம்பிள் வாங்கி வைக்கும் மேசைக்கு மாற்றினார்கள்.

“வியாபாரி திரும்ப எடுத்த அந்த மூட்டை இப்ப யார்கிட்ட போச்சு, சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அது நம்ம வேலை இல்லம்மா” என்றார் மேலாளர். அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன்.