நாலரை அடி உயரத்தில்

நிற்கிற மரத்துக்கு எடை சொல்வது என் பிழைப்பு. தைல மரத் தோப்புக்குள் போய், ஒவ்வொரு மரத்தையும் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் டேப்பால் சுற்றி அளக்க வேண்டும். சில மரங்களுக்கு மட்டும் உயரம் பார்த்து, எல்லாவற்றையும் சூத்திரத்தில் போட்டால், தோப்பில் எத்தனை டன் மரம் நிற்கிறது என்று வந்துவிடும். அந்த நாலரை அடியை நாங்கள் மார்பளவு என்போம். அதைக் குறிக்க ஒரு குச்சி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது முதல் நாள் பாடம். நான் குச்சியைத் தூக்கித் திரிந்ததில்லை. என் சட்டையின் இரண்டாவது பொத்தான் சரியாக நாலரை அடியில் இருக்கிறது, அப்புறம் எதற்குக் குச்சி என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் அண்ணன் தம்பி இருவருக்குப் பொதுவாக ஒரு தோப்பு இருந்தது. நடுவில் வண்டித்தடம். கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு என்று பிரித்திருந்தார்கள். எந்தப் பாதியில் மரம் அதிகமோ, அந்தப் பாதிக்காரர் சில வரிசைகளை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு. பொதுவான ஆள் ஒருவர் அளந்து சொல்லட்டும் என்று என்னை அழைத்தார்கள்.

கிழக்குப் பாதியை முதல் நாள் நானே அளந்தேன். இரண்டாம் நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. அண்ணனின் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் உதவிக்கு வந்திருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், என் தோளுக்குத்தான் வருவார். டேப்பை அவரிடம் கொடுத்து, “நெஞ்சுக்கு நேரா வெச்சுச் சுத்துங்க, எண்ணைச் சொன்னாப் போதும்” என்று சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் நோட்டோடு உட்கார்ந்துகொண்டேன். அவர் ஒரு மரம் விடாமல் அளந்தார். நடுவில் ஒருமுறை, “ஏனுங்க சார், பட்டை உரிஞ்சு தொங்குதுங்களே, அதைப் பிச்சுப்போட்டு அளக்கட்டுங்களா?” என்று கேட்டார். இதற்கென்றே படித்துவிட்டு வருகிறவர்கள்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை.

கணக்குப்படி மேற்கில்தான் மரம் அதிகம். தம்பி முகம் சுளிக்காமல் நான்கு வரிசைகளை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தார். வெட்டி, லாரியில் ஏற்றி, எடை மேடையில் நிறுத்தியபோதுதான் விவகாரம் வெடித்தது. அண்ணனுக்கு ஏகத்துக்கும் கூட, தம்பிக்கு அந்த அளவுக்குக் குறைவு. மேற்கை அளந்தது அண்ணன் வீட்டு ஆள் என்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது.

என்னையும் அந்த அம்மாளையும் தோப்புக்குக் கூப்பிட்டார்கள்.

“மேக்கால அளந்தது ஆருங்க சார்?” என்று தம்பி என்னைக் கேட்டார்.

“அந்தம்மாதாங்க டேப் பிடிச்சாங்க” என்றேன். பொய்யில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

“எப்படி அளந்தே, காட்டு” என்றார் தம்பி. வரப்போரம் வெட்டாமல் விட்டிருந்த ஒரு மரத்தில் அந்த அம்மாள் டேப்பைச் சுற்றினார். “நெஞ்சுக்கு நேரா வெக்கச் சொன்னாருங்க இந்த சார். அப்படியேதான் வெச்சனுங்க.”

நான் பக்கத்தில் நின்றிருந்தேன். டேப் என் வயிற்றுக்கு நேராக இருந்தது. எனக்குச் சுரீர் என்றது. மரம் அடியை நோக்கிப் போகப் போகப் பருக்கும். கிழக்கை என் நெஞ்சுக்கு அளந்துவிட்டு, மேற்கை அவருடைய நெஞ்சுக்கு அளக்க வைத்திருக்கிறேன். ஒரு மரத்தில் விரற்கடை வித்தியாசம்தான் வரும். ஒரு பாதித் தோப்பு முழுக்க என்றால் அது லாரிக்கணக்கில் போய் நிற்கும்.

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாள் பேசிய பெருமையெல்லாம் காற்றில் போகும், இனி இந்தப் பக்கம் ஒருத்தரும் அளக்கக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல நின்றேன்.

அண்ணன் தன் மேல் பழி வராமல் பார்த்துக்கொண்டார். “அவளா ஏதோ பண்ணிப்போட்டாப்பா, எனக்கொண்ணும் தெரியாது” என்று தம்பியிடம் சொன்னார். அந்த அம்மாளிடம், “நாளையிலிருந்து தோட்டத்துப் பக்கம் வந்துராதே” என்றார். வித்தியாசத்தைப் பணமாகத் தம்பிக்குக் கொடுத்தார், அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் ஏறிப் போனார்கள். அளவில் கை வைத்தவள் என்ற பேச்சு மட்டும் ஊருக்குள் தங்கிவிட்டது. அக்கம்பக்கத்தில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை.

மூன்று வருடம் கழித்துத்தான் எனக்குத் துணிவு வந்தது. அதைத் துணிவு என்று சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. முதலில் அண்ணனுக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்றேன். “அது முடிஞ்சுபோன கதைங்க சார், இப்ப எதுக்குங்க?” என்று வைத்துவிட்டார். தம்பி எடுக்கவே இல்லை. அந்த அம்மாள் மல்லசமுத்திரம் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு, அங்கே போனேன்.

களத்தில் பரப்பியிருந்த ஜவ்வரிசியைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். தப்பு முழுக்க என்னுடையது, அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

“தெரியுமுங்க சார்” என்றார். “டேப்பைப் பாத்தீங்க, அப்புறம் உங்க சட்டையக் குனிஞ்சு பாத்தீங்க. அப்பவே எனக்கும் தெரிஞ்சுபோச்சுங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?”

“நாஞ் சொன்னா ஆருங்க நம்புவாங்க?” என்றார். குரலில் கோபமே இல்லை. “நீங்க சொல்லுவீங்கன்னுதான் உங்க மூஞ்சியவே பாத்துட்டிருந்தனுங்க.”