ராஜம் கூட்டிச் சொன்ன நேரம்

ராஜம் போய்விட்டாள் என்று அவள் கணவர் வைத்தி ஆபீசுக்குப் போன் செய்தபோது, நான் யாருக்கோ துபாய் டிக்கெட் எழுதிக்கொண்டிருந்தேன். "காப்பி கலந்துண்டே சாய்ஞ்சுட்டா. முரளி வரணும், டிக்கெட் பார்த்துக் குடு" என்றார். முரளி அவர்களுடைய ஒரே மகன், துபாயில் வேலை. ஆபீசில் என் பக்கத்தில் அவள் உட்காரும் நாற்காலியில் அவளுடைய குடை தொங்கிக்கொண்டிருந்தது.

மட்டாஞ்சேரியில் எங்கள் டிராவல் ஆபீசுக்கு வந்த உங்கள் எல்லோருக்கும் அவள் வாய் தெரியும். துபாய்க்குப் போகும்போது விமானம் கடிகாரப்படி சீக்கிரம் சேர்கிறது, திரும்பும்போது நேரமாகிறது. இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒன்றல்ல என்று யார் யோசிக்கிறார்கள்? "வரும்போது பெட்டியெல்லாம் பாரம், அதான் விமானம் மெதுவா வருது" என்று காய்கறி மண்டிக்காரர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். "ஆமாம், போறபோது பாரமெல்லாம் நெஞ்சுலன்னா இருக்கு" என்றாள் ராஜம். சிரித்துக்கொண்டிருந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மகன் மறுநாள் விமானம் ஏறவிருந்தான்.

ஒருமுறை வைப்பின் தீவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கணவர் இறந்துவிட்டார், மகன் துபாயில். மூன்று மணி நேரப் பறப்புதானே, இன்று சாயங்காலமே வந்துவிடுவானா என்று கேட்டாள். "நாளைக்குச் சாயங்காலம்" என்றாள் ராஜம். நாளை மத்தியான விமானத்திலேயே வந்துவிடலாமே என்று பிறகு நான் கேட்டேன். "கடலைத் தாண்டறது ஒரு தூரமா? பம்பாயில எறங்கி, அடுத்ததுல எடம் கெடைச்சு, இங்க மழை விடணும். காத்திண்டிருக்கறவாளுக்குக் கூட்டித்தான் சொல்லணும், கேட்டியா? முன்னாடி வந்தா ஒரு சமாதானம். சொன்ன நேரம் தாண்டினா, துக்கத்தோட பயமும் சேந்துக்கும்."

அதனால் நானும் வைத்தியிடம் நாளைக்குச் சாயங்காலம் என்றே சொன்னேன். சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவ்வளவு நேரம் உடலை எப்படி வைத்திருப்பது, இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார்கள். வைத்தி அசையவில்லை. "சாயங்காலம்னா மத்தியானம்னு அர்த்தம். இது அவ கணக்காக்கும். ஐஸுக்குச் சொல்லியாச்சு."

மறுநாள் மத்தியான விமானம் வரவில்லை. மழையில் பம்பாயிலிருந்தே அது கிளம்பவில்லை. இருட்டுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்று பெரியவர்கள் எழுந்து நின்றார்கள். "இன்னும் சாயங்காலம் ஆகலையே" என்று வைத்தி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அடுத்த விமானத்தில் இடம் கிடைத்து, வெளிச்சம் மங்குகிற வேளையில் முரளி நனைந்த பெட்டியோடு தெருவில் ஓடிவந்தான். உள்ளே போய் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஊருக்கெல்லாம் அவள் கூட்டிக்கொடுத்த நேரம் அன்று அவளுக்கே முழுதும் வேண்டியிருந்தது.

குடையை நான்தான் வைத்திருக்கிறேன். எத்தனை மணி நேரம் ஆகும் என்று இப்போதும் யாராவது வந்து கேட்கிறார்கள். காலி நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, கூட்டித்தான் சொல்கிறேன்.